சோழ நாட்டில் நான்கு நாள் கார் பயணம்: தரிசனமும் சிற்பமும் சேர்ந்த முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ கிளம்பி சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருவானைக்காவல் என்று ஒரு சுற்று போய்வர நினைப்பவர்களுக்கு இது. வண்டிக்குள் பெரும்பாலும் இரண்டு வகை ஆட்கள் இருப்பார்கள்: கும்பிட வந்தவர்கள் ஒரு பக்கம், சிற்பமும் கல்வெட்டும் பார்க்க வந்தவர்கள் மறுபக்கம். மனஸ்தாபம் வருவது இவர்களுக்கு நடுவில்தான். வேலைகளைச் சரியான வரிசையில் செய்தால் நான்கு நாளில் இரு தரப்புக்கும் மனசு நிறையும். மூன்று நாளில் முடிப்பவர்களும் உண்டு. திரும்பி வரும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் நான்காவது நாளின் அருமை தெரியும்.

1. வேண்டுதல்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

வரைபடத்தைத் திறக்கும் முன் வரப்போகிற ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்: நேர்ந்துகொண்டது ஏதாவது பாக்கி இருக்கிறதா? மொட்டை, காதுகுத்து, அபிஷேகம், பரிகாரம், எதுவானாலும் சரி. பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் நாள் மதியம் தஞ்சாவூர் அரண்மனையில் நிற்கும்போது, "திருநாகேஸ்வரத்துல ராகுவுக்குப் பாலாபிஷேகம் பண்ணணும்னு நெனச்சிருந்தேன்" என்று மெல்ல ஆரம்பிப்பார்கள். கும்பகோணத்தையும் தாண்டி வந்த வழியே திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும்.

வேண்டுதலை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம், அதற்குத்தான் நேரம் குறித்திருக்கும். திருநாகேஸ்வரத்தில் அபிஷேகம் ராகுகாலத்தில் நடக்கும். ராகுகாலமோ கிழமைக்குக் கிழமை மாறும்: திங்கள் காலை 7:30, சனி 9:00, வெள்ளி 10:30, புதன் பகல் 12:00, வியாழன் 1:30, செவ்வாய் 3:00, ஞாயிறு மாலை 4:30. அந்த நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று மனப்பாடம் செய்தவர்களுக்குக் காலண்டரே வேண்டாம்; ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. கும்பகோணத்தில் இருக்கும் இரண்டு நாளில் எந்த நாளின் ராகுகாலம் தோதாக வருகிறது என்று பார்த்து அதை முதலில் நட்டுவிடுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் இதே பயணத்தில் சேர்க்காதீர்கள். அது தனிப் பயணம். சேர்த்தால் ஒன்பது கோயிலிலும் வரிசை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள். இரண்டைத் தேர்ந்தெடுங்கள்; அதற்கு மேல் வேண்டாம். அந்தந்தக் கிரகத்தின் கிழமையில் அங்கே கூட்டம் குவியும்: ஆலங்குடியில் வியாழன், கஞ்சனூரில் வெள்ளி, சூரியனார்கோயிலில் ஞாயிறு. பரிகாரம் என்றால் அந்தக் கிழமையே போய்க் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சும்மா தரிசனம் என்றால் வேறு நாள்.

திருநள்ளாறு இன்னொரு சிக்கல். சனீஸ்வரனைப் பார்த்த பிறகு வேறெங்கும் போகாமல் நேராக வீடு திரும்ப வேண்டும் என்று சில குடும்பங்களில் உறுதியாக நம்புவார்கள். அப்படிப்பட்டவர்கள் வண்டியில் இருந்தால் அது கடைசி நிறுத்தமாகத்தான் இருக்க முடியும். மொத்த வழித்தடத்தையும் திருச்சியில் தொடங்கித் தலைகீழாகப் போட வேண்டிவரும். இதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

2. தேதி குறிப்பது

தையும் மாசியும்தான் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அடைமழை. சித்திரை, வைகாசியில் பிராகாரத்தின் கல் பத்து மணிக்கே காலைச் சுடும். மார்கழியில் கோயில்கள் விடியுமுன்னே திறந்துவிடுவதால் நேரம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் திருவாதிரையை ஒட்டிச் சிதம்பரத்தையும் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி ஸ்ரீரங்கத்தையும் தவிர்த்துவிடுங்கள், திருவிழாவுக்கென்றே போனால் தவிர.

பிறகு பிரதோஷ நாளைப் பாருங்கள். அன்று மாலை நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரை எல்லாச் சிவன் கோயிலிலும் நந்தியைச் சுற்றித்தான் கூட்டம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் அது மிகப் பெரிய கூட்டம். கும்பிடுபவர்களுக்கு அதைவிட நல்ல மாலை கிடையாது. சிற்பம் பார்ப்பவர்களுக்கு அந்த மாலை போயிற்று. ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடக்கும் அன்னாபிஷேகமும் இப்படித்தான்.

மூன்றாவதாக முகூர்த்த நாட்கள். இதைப் பார்க்க வேண்டும் என்று புதிதாகத் திட்டமிடுபவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. வளர்பிறை முகூர்த்தத்தில் கும்பகோணத்தில் நல்ல லாட்ஜ் அறை எதுவும் காலியாக இருக்காது, எல்லாம் கல்யாண வீட்டார் எடுத்திருப்பார்கள். 2028 மாசியில் மகாமகம் வருகிறது. அந்த மாதத்தில் கும்பகோணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கடைசியாக வெள்ளிக்கிழமை. தமிழக அரசு அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை. ஆகவே அருங்காட்சியகம் வருகிற நாள் வெள்ளியில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

3. நடை சாத்தும் நேரத்தை வைத்து நாளைப் பிரியுங்கள்

திட்டத்தின் உயிர்நாடி இதுதான். பெரும்பாலான கோயில்களில் காலை ஆறு மணிக்கு நடை திறந்து பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்துவார்கள். மாலை நான்கு மணிக்குத் திறந்து எட்டரை வரை. சில இடங்களில் மாலை நடை நாலரை, ஐந்துக்குத்தான் திறக்கும். புதிதாக வருபவர்கள் காலை பத்து மணிக்கு நிதானமாக இட்லி சாப்பிட்டுக் கிளம்பி, 12:20க்கு வாசலில் வந்து நிற்பார்கள். திரை போட்டிருக்கும். பிறகு மூன்றரை மணி நேரம் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எனவே ஒரு நாளில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று துண்டுகள். காலை: இரண்டு பெரிய கோயில், அதிகம் போனால் மூன்று. மாலை: ஒரு பெரிய கோயில். நடுவில் நடை இல்லாத இடங்கள், சாப்பாடு, அடுத்த ஊருக்கான ஓட்டம். மூன்றையும் தனித்தனிப் பட்டியலாக எழுதுங்கள். ஒரே பட்டியலாக எழுதினால் தூரத்தை வைத்து வரிசைப்படுத்தி ஏமாந்துபோவீர்கள்.

நடுப்பகலுக்குத் தோதானவை: தஞ்சாவூர் அரண்மனையும் அதிலுள்ள கலைக்கூடமும், சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே அரண்மனை அகழாய்வு நடந்த மாளிகைமேடு, சுவாமிமலையில் வெண்கலம் வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகள். பட்டறைக்கு இரண்டரை மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் சாப்பாட்டு நேரம்.

நடை இல்லாத இடம் என்பதால் எல்லாமே நடுப்பகலுக்குப் பொருந்திவிடாது. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலைச் சேர்க்க நினைப்பவர்கள் கவனியுங்கள்: ஓவியக் குகைக்குள் நிழல் உண்டு, சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் இருக்கும் பாறைமேல் துளி நிழல் கிடையாது. அது காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் போகிற இடம்.

கிராமத்துச் சிறு கோயில்களுக்கு வேறு கணக்கு. தஞ்சாவூர்ச் சாலையில் பசுபதிகோயிலை ஒட்டிய புள்ளமங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளத்தில், கையகல ராமாயணச் சிற்பங்கள் உள்ள அற்புதமான கோயில். இத்தகைய ஊர்களில் ஒரே குருக்கள் இரண்டு மூன்று கோயிலைப் பார்த்துக்கொள்வார். அறிவிப்புப் பலகையில் ஒரு நேரம் இருக்கும், அவர் இருக்கும் நேரம் வேறாக இருக்கும். முந்தின நாளே விசாரித்து, தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். வாசலில் எண் எழுதியிருப்பதும் உண்டு. திறந்து காட்டியவர் தட்டில் தட்சிணை போடுங்கள். அவருக்கு அதுவே பெரும் வருமானம்.

4. கும்பிடும் நேரம் வேறு, பார்க்கும் நேரம் வேறு

தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. தஞ்சாவூர் 1987லும் மற்ற இரண்டும் 2004லும் சேர்ந்தன. மூன்றிலும் வழிபாடு நடக்கிறது. ஒரே சுற்றில் கும்பிடவும் பார்க்கவும் முயன்றால் இரண்டும் கெடும். அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் அம்மாவை, "ஒரு நிமிஷம், இந்த துவாரபாலகரைப் பார்த்துட்டு வர்றேன்" என்று நிறுத்தி வைக்காதீர்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து தரிசனம். பிறகு பெரியவர்களை மண்டபத்தில் நிழலாக உட்கார வைத்துவிட்டு, பார்க்க வேண்டியவர்கள் மட்டும் வெளிச்சுவரைச் சுற்றுங்கள்.

வெளிச்சத்தையும் யோசித்து நேரம் குறியுங்கள். மூன்றும் கிழக்குப் பார்த்தவை. முன்பக்கத்திலிருந்து விமானத்தை, அதாவது கருவறைமேல் எழும் கோபுரத்தை, படம் எடுக்கக் காலைதான். மாலையில் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும். தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குச் சுவர் நன்றாகத் தெரியும், வடக்குச் சுவர் நிழலில் இருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் எல்லோரும் தேடிவரும் சண்டேசானுக்கிரக மூர்த்தி, சிவன் தன் கையால் சண்டேசர் தலையில் மாலையைச் சுற்றும் சிற்பம், வடக்கு வாசல் படிக்கட்டை ஒட்டித்தான் இருக்கிறது. நிழல் என்பதற்காக ஏமாற வேண்டாம். நேர் வெயிலைவிட அந்த மெல்லிய வெளிச்சத்தில்தான் விரல்கள் மாலையைப் பிடித்திருக்கும் விதம் தெளிவாகத் தெரியும்.

தாராசுரத்தில் பலரும் தேர் மண்டபத்துச் சக்கரத்தோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கருவறையைச் சுற்றி வெளிப்புறம் வாருங்கள். நாயன்மார்களின் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக அடிப்பகுதியில் வரிசையாக ஓடும். நின்றுகொண்டு பார்த்தால் கண்ணில் படாது, தரையில் உட்கார வேண்டும். அதற்கே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

தஞ்சாவூரில் சோழர் ஓவியங்களைப் பார்க்கவென்றே சிலர் வருகிறார்கள். அவை கருவறையைச் சுற்றிய உட்சுற்றில் இருக்கின்றன. அங்கே பொதுமக்களை விடுவதில்லை. வளாகத்திலுள்ள விளக்கக் கூடத்தில் அவற்றின் நகல்களைப் பார்க்கலாம். இதை முன்பே தெரிந்து போனால் வாசலில் காவலரோடு வாதாடும் நேரம் மிச்சம்.

5. நான்கு நாள் வழித்தடம்

முதல் நாள். சென்னையை அதிகாலை நாலரைக்குள் விடுங்கள். தாம்பரம், செங்கல்பட்டு நெரிசலுக்கு முன்னால் தாண்டிவிட்டால் பத்து மணிக்குள் சிதம்பரம். முதல் கோயில் அதுவாக இருப்பதன் காரணம் தூரம்தான்; அதற்கு அப்பால் எதை வைத்தாலும் காலை நடை தவறும். இங்கே நிர்வாகம் பொது தீட்சிதர்களிடம் இருப்பதால் மற்றக் கோயில் நடைமுறையை எதிர்பார்க்க வேண்டாம். பூஜைக்கு எவ்வளவு கொடுப்பது என்று உள்ளே போகுமுன் வீட்டாரோடு பேசிக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது கோபுர வாசலில் நில்லுங்கள்: இரு பக்கச் சுவரிலும் நாட்டியக் கரணங்கள், அதாவது ஆடல் நிலைகளின் சிற்பங்கள். பசியில் எல்லோரும் அவற்றைத் தாண்டி ஓடுகிறார்கள்.

சாப்பிட்டுவிட்டு வீராணம் ஏரிக்கரையை ஒட்டிக் காட்டுமன்னார்கோயில் வழியாகப் போனால் சுமார் 40 கிலோமீட்டரில் கங்கைகொண்ட சோழபுரம். மாளிகைமேட்டைப் பார்த்துவிட்டு நான்கு மணிக்குக் கோயிலுக்குள். ஆறு மணிக்குக் கிளம்பினால் இரவு கும்பகோணம்.

இரண்டாம் நாள். காரை லாட்ஜிலேயே விடுங்கள். சாரங்கபாணி, கும்பேசுவரர், நாகேசுவரர், ராமசாமி கோயில்கள் நடக்கும் தூரம்தான். காரில் போனால் நிறுத்த இடம் தேடியே காலை கழியும். நாகேசுவரர் கோயிலின் வெளிச்சுவரில் நிற்கும் ஆண், பெண் உருவங்களைத் தவற விடாதீர்கள். பகலில் ஓய்வு, இரண்டரைக்குச் சுவாமிமலைப் பட்டறை, நான்கு மணிக்குத் தாராசுரம், இருட்டிய பிறகு சுவாமிமலை முருகனோ உப்பிலியப்பனோ, வீட்டார் விருப்பம்.

மூன்றாம் நாள். அறையைக் காலி செய்துவிட்டு எட்டு மணிக்குப் புள்ளமங்கை, பத்து மணிக்குப் புன்னைநல்லூர் மாரியம்மன், பதினொன்றரையிலிருந்து அரண்மனை. மாலை பெரிய கோயிலில் தரிசனம். விளக்குப் போட்டு விமானம் மின்னும்வரை புல்தரையில் உட்கார்ந்திருங்கள், அங்கே எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

நான்காம் நாள். ஆறு மணிக்கு மறுபடி பெரிய கோயில், இந்தத் தடவை பார்ப்பதற்கு மட்டும். எட்டரைக்குக் கிளம்பி, கல்லணையில் சிறிது நின்று, அதன் வழியாகவே ஸ்ரீரங்கம் தீவுக்குள் நுழைந்தால் பதினோரு மணிக்குத் திருவானைக்காவல். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் அம்பாளின் சேலையும் கிரீடமும் அணிந்துவந்து சுவாமிக்கும் பசுவுக்கும் பூஜை செய்வார். அதற்காகத்தான் அந்த நேரம். ஸ்ரீரங்கம் பக்கத்தில்தானே என்று ஆசைப்படாதீர்கள், அதற்கு அரை நாள் தனியாக வேண்டும். இரண்டு மணிக்கு வண்டி எடுத்தால் இரவு ஒன்பதுக்குள் சென்னை.

6. அறை எடுப்பது

கும்பகோணத்தில் இரண்டு இரவு, தஞ்சாவூரில் ஒன்று. தினமும் பெட்டி கட்டி அவிழ்ப்பதில் காலை ஒரு மணி நேரம் போகும், அது ஒரு கோயிலின் நேரம்.

ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகவே எடுங்கள். பங்காளி வீட்டில் ஒரு சாவு என்றால் தீட்டு, பயணமே நின்றுவிடும். மாதவிலக்கு நாட்களில் கோயிலுக்குப் போகாத வழக்கமுள்ள குடும்பமானால் தேதி குறிக்கும்போதே வீட்டுப் பெண்களைக் கேட்டுவிடுங்கள். ஆண்கள் தேதி முடிவு செய்துவிட்டு அறிவிப்பதால் வருகிற குழப்பம் பெரிது.

அறை எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? பல லாட்ஜ்களில் ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். ஐந்தரைக்குக் குளித்துக் கிளம்ப நினைக்கும் பாட்டிக்கு அது போதாது.

7. வண்டியும் சாலையும்

வாடகை வண்டி என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர், பேட்டா, ஓட்டுநர் இரவு தங்குமிடம், டோல் யார் கணக்கு என்று நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரி வழியாகவோ காரைக்காலுக்கோ போவதாக இருந்தால் பெர்மிட் பற்றியும் முன்பே கேளுங்கள். சொந்த வண்டியில் ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டிவரும்.

தை, மாசி அறுவடைக் காலம். கிராமச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள். தைப்பூசத்தை ஒட்டி இரவில் பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரமாக நடந்துவரும். இந்த இரண்டுக்காகவும் இருட்டிய பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாத மாதிரிதான் மேலே உள்ள வழித்தடம், கடைசி நாள் நெடுஞ்சாலை நீங்கலாக.

8. கோயில் வாசலில்

ஆண்களுக்கு ஒரு வேட்டி வண்டியிலேயே இருக்கட்டும். சில சன்னதிகளில் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். செருப்பு மலிவானதாக இருக்கட்டும். சூடு தாங்காதவர்களுக்குப் பழைய சாக்ஸ். பத்து ரூபாய் நோட்டுக்கட்டு ஒன்று, விமானத்தின் மேல்தளச் சிற்பங்களைப் பார்க்க ஒரு பைனாகுலர். அதை எடுத்துவரத் தோன்றுவது அபூர்வம், கொண்டுபோனால் எல்லோரும் கேட்டு வாங்குவார்கள்.

கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நடைமுறை கோயிலுக்குக் கோயில் வேறுபடுகிறது. ஒருவர் வண்டியிலேயே எல்லாருடையதையும் வைத்துவிட்டு வருவது எளிது. தொல்லியல் துறைக் கோயில்களில் வெளிப்பிராகாரத்தில் படம் எடுக்கலாம், கேமராவுக்கு முக்காலி வைக்க மட்டும் அனுமதி வேண்டும்.

திருவிடைமருதூரைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். பிரம்மஹத்தி தோஷம் நீங்க அங்கே நுழைந்த வாசல் வழியாகத் திரும்பக் கூடாது என்பது ஐதீகம். வழக்கம்போலக் கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு வேறு வாசலில் வெளியே வந்து, வெறுங்காலோடு தார்ச்சாலையில் கோயிலைச் சுற்றுவார்கள். செருப்பை வண்டியிலேயே கழற்றிவிடுங்கள். ஓட்டுநரை மறு வாசலுக்கு வரச் சொல்லுங்கள்.

9. நேரம் தவறினால் எதை விடுவது

எப்படியும் ஒரு நாள் தாமதமாகும். எதை விடலாம் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள், வழியில் விவாதித்தால் இன்னும் அரை மணி நேரம் போகும். என் வரிசை இது: முதலில் மாளிகைமேடு, அடுத்து கல்லணை, அடுத்து கும்பகோணத்தில் மூன்றாவது, நான்காவது கோயில். வேண்டுதல் கோயிலையும் தாராசுரத்தையும் விடாதீர்கள். முதல் நாள் சிதம்பரத்துக்குப் பதினொன்றரை தாண்டித்தான் போய்ச் சேர முடியும் என்று விழுப்புரத்திலேயே தெரிந்துவிட்டால், அவசரமாக விரட்ட வேண்டாம். நேராகக் கங்கைகொண்ட சோழபுரம் போய் நான்கு மணி நடைக்கு நிற்கலாம், சிதம்பரத்தை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.